எண்ணெய் டின் படைக்கலமான வரலாறு

ஒரு தேசம் தனக்கு வேண்டிய ஆயுதத்தைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்பதில் இரண்டு கருத்து கிடையாது. எதைச் செய்வது என்பதில்தான் அரசுப் படைக்கலக் கழகத்தில் இருபத்திரண்டு கருத்துகள் இருந்தன. சமவெளியில் யோசித்தால் வியர்க்கிறது என்பதால், அதிகாரிகள் ஏற்காட்டில் மூன்று நாள் சிந்தனை முகாம் நடத்தினார்கள். முதல் நாள் படகு. இரண்டாம் நாள் மிளகாய் பஜ்ஜி. மூன்றாம் நாள் மாலை, துணைப் பொது மேலாளர் ஜீவானந்தம் தலைச்சோலைப் பக்கம் காரில் போனபோது ‘டணார்’ என்றொரு சத்தம் கேட்டது. ரோட்டை அடைத்து நின்ற நாலு காட்டெருமைகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின.

சத்தம் போட்டவர் அம்மாசி. இரண்டு ஏக்கர் காப்பிக்காரர். நட்டு நாலு வருஷம் காத்திருந்து, இந்த வருஷம்தான் செடி முதல் பூ பூத்திருந்தது. காட்டெருமை ஒரு சாயங்காலம் புகுந்தால் போதும், அத்தனையும் விறகு. அதனால் பொழுது சாய்ந்ததும் பழைய எண்ணெய் டின்னோடு வேலியோரம் நின்றுவிடுவார்.

ஜீவானந்தம் டின்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இது யாருடைய வடிவமைப்பு?”

“இப்ராஹிம் பாய் கடையில எண்ணெய் வந்த டின்னுங்க. இந்த நசுங்கல் இருக்குது பாருங்க, சத்தமே அதுலதான்.”

“நசுங்கல் எப்படி வந்தது?”

அம்மாசி சட்டென்று மரத்து மிளகுக்கொடியைப் பார்த்தார். அவர் மனைவி கண்ணம்மாளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

“கண்ணாலமாகி மூணாம் வருசமுங்க. இவரு மண்டைக்குத்தான் வீசுனேன். குனிஞ்சுட்டாரு. சுவத்துல போயி பட்டுருச்சு.”

ஜீவானந்தம் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்: ‘எறிதூரம் பத்தடி. குறி மேம்படுத்தப்பட வேண்டும்.’

டின் அன்றே, புது ஆயுதத்துக்கு மாதிரியாக, தேசத்துக்குப் போய்விட்டது.

“ஐயோ, தெனமும் சாயங்காலம் காட்டுமாடு எறங்குமுங்களே!”

“தேசத்துக்காக ஒரு மாதம் பொறுக்க மாட்டீர்களா?”

பொறுக்க மாட்டேன் என்று சொல்ல அம்மாசி வாயைத் திறந்தார். அதற்குள் ஊர்க்காரர்கள் ‘தேசத்துக்கு ஆயுதம் தந்த தலைச்சோலைச் சிங்கமே’ என்று பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். படத்தில் மீசை நன்றாக விழுந்திருந்தது. மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து வேறு டின் வாங்கப் போனால், சையத் இப்ராஹிம் கடைக்கதவைப் பாதி சாத்தினார்.

“டின்னு இப்ப ஆயுதமுங்க. லைசென்ஸ் இல்லாத ஆளுக்குக் குடுத்தா என்னைய உள்ள வெச்சுருவாங்க. நீங்கதானே ஆரம்பிச்சு வெச்சீங்க?”

ஆமாம், அப்படித்தான் ஆணை வந்திருந்தது. உரிமம் கிடைக்கும்வரை ஊரில் உள்ள எல்லா டின்களையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தார்கள். அம்மாசி சோற்றுத் தட்டைத் தட்டினார். காட்டெருமைகள் சாப்பாட்டுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்ததுபோல் வந்தன. மேல் வரிசைச் செடிகள் போயின. அதைப் பார்த்து அம்மாசி அழுதார்.

காப்பி பூத்தபோது போன டின், பழம் சிவந்தபோது லாரியில் திரும்பியது. பெயர் ‘படைக்கலம், ரகம் இரண்டு’. எடை முப்பத்தெட்டு கிலோ. தூக்க நாலு பேர், அடிக்க ஒருவர், அடிக்கலாம் என்று கையெழுத்துப் போட ஒருவர். தோட்டத்தில் பந்தல் போட்டுச் சோதனை நடந்தது. சொல்லி வைத்தாற்போல் ஆறு காட்டெருமைகள் இறங்கின. கையெழுத்து ஆயிற்று. அடித்தார்கள்.

‘தொப்.’

மாடுகள் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, நடு வரிசையை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தன.

“நசுங்கலை எங்கீங்க காணோம்?” என்று அம்மாசி கத்தினார்.

“அது குறைபாடு. தரக்கட்டுப்பாட்டில் நீக்கிவிட்டோம்.”

“என்ற பழைய டின்னையாச்சும் குடுங்க சாமி!”

“அது அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.”

அறிக்கையில், ‘எதிரி திருப்பித் தாக்கவில்லை. சோதனை வெற்றி’ என்று எழுதினார்கள். பந்தல் கைதட்டியது. பழகிய தோஷம், ஊரும் தட்டியது.

மறுவாரம் உரிம ஆணையை ஜீவானந்தமே நேரில் கொண்டுவந்தார். கண்ணம்மாள் சொன்னது கோப்பில் இருந்ததால் அதில் ஒரு விதி ஏறியிருந்தது: நசுங்கிய டின், மனிதர் மீது ஏவப்பட்ட ஆயுதமாகக் கருதப்படும், அதற்கு உரிமம் இல்லை. ஸ்டேஷனில் நூற்று நாற்பது வீட்டு டின்களையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. ஊர் ஆண்கள் எல்லோரும் அன்று தரையைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அம்மாசி மீதியிருந்த கீழ் வரிசைச் செடிகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஜீவானந்தம் ரோட்டை இருபுறமும் பார்த்தார். பிறகு கார் டிக்கியைத் திறந்து, சாக்கில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார்.

“எங்கள் வீட்டு அரிசி டின். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.”

கண்ணம்மாள் சாக்கை விலக்கி எண்ணினாள்.

“அடேயப்பா, அஞ்சு நசுங்கலு! உங்கூட்டு அம்மணிக்குக் கை நொம்ப பலமுங்க.”

“சுவரில் பட்டது இரண்டுதான்” என்றார் துணைப் பொது மேலாளர், நெற்றியைத் தடவிக்கொண்டு.

அன்று மாலை அம்மாசி அடித்த அடியில் காட்டெருமைகள் கரடியூர் வரை நிற்கவில்லை. கீழ் வரிசை பிழைத்தது. கழகத்திலிருந்து இதுவரை வெளிவந்த ஆயுதங்களில் வேலை செய்வது அது ஒன்றுதான். அதற்கும் உரிமம் கிடையாது.