மாமாவின் காதும் என் சட்டைக் காலரும்

காது மந்தமான ஒருவரிடம் பெண் கேட்பதில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மெல்லக் கேட்டால் அவருக்குக் கேட்காது. உரக்கக் கேட்டால் ஒழுங்கை முழுவதற்கும் கேட்டுவிடும். திருகோணமலையில், அதுவும் வீட்டுக்கு வீடு வேலி மட்டுமே இருக்கும் அன்புவழிபுரத்துக் குறுகிய ஒழுங்கை ஒன்றில், இந்தச் சிக்கலில் நான் மாட்டிக்கொண்டேன்.

அப்போது நான் செவிப்புலன் ஆய்வுக் குழு ஒன்றில் உதவியாளன். கடலிலும் துறைமுகத்திலும் எஞ்சின் சத்தத்தோடு வாழ்ந்தவர்களின் காதைச் சோதித்து, காதுக் கருவி கொடுத்து, அதனால் உண்மையில் பயன் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. (அம்மா ஊரெல்லாம் 'மகன் காது டொக்டர்' என்று சொல்லி வைத்திருந்தார். நான் மறுக்கவில்லை.)

சிவராசா ஐயா மூதூருக்கு லோஞ்ச் என்னும் பயணிகள் படகு ஓட்டியவர். அவரைச் சோதனைக்குக் கூட்டி வந்தவள் மகள் சுகந்தி. சத்தம் புகாத சின்ன அறைக்குள் இருந்து, ஹெட்போனில் 'பீப்' கேட்கும்போதெல்லாம் அவர் பொத்தானை அமத்த வேண்டும். மெல்லிய கீச்சுச் சத்தம் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. சிலர் வெட்கத்தில் குத்துமதிப்பாக அமத்துவார்கள். ஐயா அமத்தவேயில்லை. கேட்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. (சுகந்தியையும் பிடித்துப்போனது. அது ஆய்வில் சேராது.)

பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் அவளே கூட்டி வந்தாள். நானும் இல்லாத சந்தேகங்களை எல்லாம் கிளப்பி அவர்களைத் திரும்பத் திரும்ப வரச் சொன்னேன். கடைசியில் ஒருநாள் சுகந்தி சொன்னாள்:

"அம்மாவுக்குச் சம்மதம். அப்பாட்ட நீங்கள்தான் கேக்கோணும். என்னால கத்திச் சொல்ல ஏலாது. கெதியாக் கேளுங்கோ, கனடாவில இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கு. அப்பா இந்தக் கிழமை அவையளுக்குப் பதில் சொல்லப்போறார்."

அந்த வாரம்தான் ஐயாவின் வீட்டிலேயே வைத்துக் கருவியைப் பரிசோதிக்க இருந்தோம். கருவி காதில் ஏறியதும் சாதாரணக் குரலில் கேட்டுவிடலாம் என்று திட்டம் போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட மிகச் சிறந்த திட்டம் அதுதான் என்று அப்போது நம்பினேன்.

சத்தத்துக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்பது காதுக் கருவிக்கும் கஷ்டம். அதற்கென்றே ஒரு சின்ன மைக் உண்டு. பேசுபவரின் காலரில் குத்திவிட்டால், அவர் சொல்வது கம்பி எதுவும் இல்லாமல் நேரே கேட்பவரின் காதுக்குள் போய்விடும். இதை ஐயாவுக்கு விளக்கியவன் வேறு யாருமில்லை, நான்தான்.

"ஐயா, நான் வெளியில நிண்டு கதைச்சாலும் உங்கட பக்கத்தில நிண்டு கதைக்கிற மாதிரி இருக்கும்."

சோதனைக்குச் சத்தம் தேவைப்பட்டதால் சுகந்தியின் அம்மா குசினியில் மிக்சியைப் போட்டார். (சும்மா ஓட்ட மனமில்லாமல் தேங்காய்ச் சம்பலுக்கு அரைத்தார். மூன்று வீட்டுக்குக் காணும்.) நான் ஹோலின் மூலையில் நின்று வசனங்களை வாசிக்க, ஐயா ஒவ்வொன்றையும் அப்படியே திருப்பிச் சொன்னார். எங்கள் ஆய்வுத் தலைவியான டொக்டர் மிஸ்ஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தேத்தண்ணி குடிச்சிட்டுத் தொடருவம்" என்றார்.

நான் மெல்லப் பின்பக்கம் நழுவிக் கிணற்றடிக்குப் போனேன். பெண் கேட்பதை ஒருதடவை சொல்லிப் பார்க்க வேண்டாமா? அங்கே இரண்டு கோழிகளைத் தவிர யாருமில்லை.

முதலாவதாக, அரசாங்கக் கடிதம் மாதிரி: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மகளைத் திருமணம் செய்ய அனுமதி கோரி நிற்கிறேன்." எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாவதாக, உள்ளதை உள்ளபடி: "ஐயா, எனக்குச் சுகந்தியைப் பிடிச்சிருக்கு. அவவுக்கும் என்னைப் பிடிச்சிருக்கு. எனக்குச் சரியான பயமாக் கிடக்கு. ஆனா நான் உங்களோட ஒருநாளும் கத்திக் கதைக்க மாட்டன். கிட்ட வந்து இருந்து, முழுசாக் கதைப்பன்."

இது கொஞ்சம் அழுகுணித்தனமாக இருப்பதாகப் பட்டது. அதனால் மூன்றாவதாக நெஞ்சை நிமிர்த்தி: "நீங்கள் ஓம் எண்டாலும் இல்லையெண்டாலும் சுகந்தி எனக்குத்தான்!" அதோடு விட்டேனா? தொண்டையைக் கரகரப்பாக்கி ஐயாவின் பதிலையும் நானே சொன்னேன்: "டேய்! இந்த மூஞ்சையோட என்ர பிள்ளையைக் கேக்க வந்தனியோ?" கோழிகள் ஓடிவிட்டன.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஐயாவின் குரல் வந்தது. காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரிவதில்லை. கருவி மாட்டி ஒரு மணித்தியாலத்தில் பழைய பழக்கம் போய்விடாது. கடல் காற்றோடு போட்டி போட்ட அந்தக் குரலில், ஒழுங்கையின் கடைசி வீடு வரை கேட்கும்படி சொன்னார்:

"தம்பி! அந்த ரெண்டாவது நல்லாயிருந்தது! மூண்டாவதை விடும்!"

குனிந்து பார்த்தேன். காலரில் மைக் பச்சை நிறத்தில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் ஒரு பெண் குரல், "என்ன அண்ணை, பொம்பிளை கேக்கினமோ?" என்றது. கிணற்றுக்குள் குதிப்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தேன்.

உள்ளே போனால் மிக்சி நின்றிருந்தது. டொக்டர் மிஸ் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். சுகந்தி அலுமாரிக்குப் பின்னால் நின்றாள். ஐயா தன் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரும். என்ர குரலை நல்லாத்தான் பிடிச்சீர். ஆனா நான் ஒருத்தரையும் டேய் எண்டு கூப்பிடுறேல்லை."

"ஐயா, நான்..." என்னையறியாமல் குரலை உயர்த்தினேன். "ஐயா, எனக்கு..."

"கத்தாமச் சொல்லும். எனக்குக் கேக்குது."

சொன்னேன். இரண்டாவதையே சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"இவ்வளவு காலமும் ஒருத்தரும் எனக்கு முழுசா ஒரு கதை சொன்னதில்லை தம்பி. எல்லாரும் சுருக்கி, 'சாப்பிடுங்கோ', 'வாங்கோ' எண்டு கத்துவினம். முழுசாக் கேட்ட முதல் கதை என்ர பிள்ளையைப் பற்றினது. பயத்தோடதான் கேட்டீர், ஆனா உண்மையாக் கேட்டீர். அது காணும். கனடாக்காரருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

நான் அழுதேன். (சம்பலின் காரம் என்று பின்னர் சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.) என்னைப் பழிவாங்க எத்தனையோ வழி இருந்தும், கேட்டதில் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்ட மனிதர் அவர். அந்தப் பெரிய மனசு இன்றுவரை எனக்கு வாய்க்கவில்லை.

திரும்பி வரும்போது டொக்டர் மிஸ், "ஐயாவை ஆய்வில இருந்து எடுக்கத்தான் வேணும்" என்றார் வருத்தத்தோடு.

"ஏன் மிஸ்? நல்லாக் கேட்டவர்தானே?"

"சோதிச்ச ஆள் மருமகன் எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

இப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மகளும் இருக்கிறாள். அவள் ஐஸ்கிரீமுக்கு அடம்பிடித்தால், சுகந்தி "ரெண்டாவது மாதிரிக் கேள்" என்பாள். நானும் மாமாவிடம் எதையாவது கேட்பதற்காக இழுத்து இழுத்து நிற்கும் நாட்கள் உண்டு. அப்போது அவர் ஒன்றும் கேட்க மாட்டார். மைக்கை எடுத்துத் தன் கையாலேயே என் காலரில் குத்திவிட்டுக் கிணற்றடிப் பக்கம் கையைக் காட்டுவார்.

"போய்ச் சொல்லிப் பாத்திட்டு வாரும். நான் இங்க இருந்து கேக்கிறன்."