ஐந்து மொட்டைகள்

“முதலாளி நாளைக்குக் கிருத்திகைக்கு மலையேறுறாரு. எறங்கி வர்றப்ப உன் வூட்டுக்கு வர்றாராம். உன் புள்ளைங்களப் பாக்கணுமாம்” என்று முதலாளியின் வண்டிக்கார முனியன் சொன்னதும் கோதண்டம் எடைக்கல்லைக் காலிலேயே போட்டுக்கொண்டான்.

காரணம் சின்னதுதான். கோதண்டத்துக்குப் பிள்ளையே கிடையாது.

யுத்தத்தில் விலைவாசி ஏறியதிலிருந்து கடலை மண்டியில் பிள்ளைக்கு மாசம் ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார்கள். எடை போடும் கோதண்டத்துக்குச் சம்பளம் பதினெட்டு. பிள்ளையில்லாதவனுக்கு மட்டும் அரிசிக் கடைக்காரன் சலுகையா காட்டுகிறான்? அந்த ஆத்திரத்தில் நாலு பிள்ளை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ஒரு வருஷமாக வாங்கியும் வருகிறான். குட்டு வெளிப்பட்டால் வேலையே போய்விடும்.

பக்கத்து வீட்டு எல்லப்பன் கூலியாள். முனியனின் அக்காவைக் கட்டியவன்; முனியன் ‘பாவா’ என்று கூப்பிடுவான். எல்லப்பனுக்குப் பிள்ளைகள் ஐந்து. கோதண்டம் கூனிக் குறுகிக்கொண்டு போய், ஒரு நாளைக்கு நாலு பேரை இரவல் கேட்டான்.

“நாலு இன்னாத்துக்கு? அஞ்சையும் இட்டுகினு போ அண்ணே. ஒண்ண மட்டும் வுட்டா அழுவும்” என்றான் எல்லப்பன். பாய், துணிமணி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்தான். இப்படியும் ஒரு மனுஷனா என்று கோதண்டம் நெகிழ்ந்து போனான்.

பத்து வருஷம் படியேறி வேண்டியும் வராத பிள்ளைகள் ஒரே சாயங்காலத்தில் ஐந்தாக வந்து நின்றதும் அவன் பெண்சாதி ரஞ்சிதம் பூரித்துப்போய் உலை வைத்தாள். வாரத்து அரிசி ஒரே வேளையில் தீர்ந்தது.

“மாமா, இன்னும் சோறு!” என்றது கடைக்குட்டி.

“மாமா இல்ல, நைனா! நைனான்னு சொன்னா வெல்லம்” என்றான் கோதண்டம்.

ஐந்தும் விடாமல் சொல்லின. வெல்லப்பானை காலி.

அப்போதுதான் ரஞ்சிதம் கவனித்தாள். “இன்னாங்க, அஞ்சு தலையும் எல்லப்பன் சுருட்டையாட்டமே இருக்குதே! பாத்தவுடனே தெரிஞ்சுடுமே!”

திருத்தணியில் அதற்கா வழியில்லை? விடிந்ததும் மலைக்கு இழுத்துப்போய் ஐந்து பேருக்கும் மொட்டையடித்தான். பின்னல் போன துக்கத்தில் மூத்த பெண் முந்நூற்றுச் சொச்சம் படியும் அழுதுகொண்டே இறங்கினாள். பெற்ற எல்லப்பனோ, “மசுருதான, மொளைக்கும்” என்று சிரித்தான்.

பகலில் முதலாளி பக்தவச்சலம் பஞ்சாமிர்தத்தோடு வந்தார். சந்தனம் பூசிய தலைகளை எண்ணினார்.

“நாலுன்னுதான எழுதிக் குடுத்தே?”

கோதண்டம் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். “உங்களுக்கு... ஒரு ரூபாயாச்சும் மிச்சமாவட்டும்னு கொறைச்சு எழுதினேங்க.”

முதலாளி கண் கலங்கிவிட்டார். அதற்குள் பஞ்சாமிர்தத் தொன்னைக்கு ஐந்து மொட்டைகளும் கட்டிப் புரண்டன. கடைக்குட்டி அவர் மடியைத் துழாவி, வெற்றிலையோடு இருந்த வறுகடலையை எடுத்துத் தின்றது. முதலாளி பெருமூச்சு விட்டார். இந்த மாசத்திலிருந்து ஐந்து ரூபாய் என்று சொல்லிவிட்டுப் போனார். வேலையும் நிலைத்தது, ஒரு ரூபாயும் கூடிற்று. கோதண்டம் மலையைப் பார்த்துக் கும்பிட்டான்.

பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மறுநாள் காலையில் வெளியே வந்தால், எல்லப்பன் வீடு பூட்டிக் கிடந்தது. தெருவில் முனியன் மாட்டை வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தான். வண்டி நிறையச் சட்டி பானை.

“எங்கடா உங்க அக்காவும் எல்லப்பனும்?”

“முன்னாடி நடந்து போய்கினு இருக்காங்க, பள்ளிப்பட்டுக்கு. அங்க கடலைக் கிடங்குல காவல் வேலை. மாசம் முப்பது ரூபா, கிடங்குலயே வூடு.”

“முப்பதா! எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே?”

“உனக்குக் குடுக்கத்தான் அண்ணே முதலாளி நேத்து வந்தாரு. அஞ்சு புள்ளைங்களக் கடலைக்கு நடுவுல குடி வெச்சா மூட்டை மிஞ்சுமான்னு பயந்துட்டாரு. நான்தான் பக்கத்து வூட்டக் காட்டினேன், ஒரு புள்ள கூட இல்லாம சுத்தமா இருந்திச்சு. எங்க பாவாவுக்கே குடுத்துட்டாரு.”

கோதண்டம் மண்டிப் பக்கம் நாலடி ஓடினான். முதலாளியிடம் போய் எதைச் சொல்வது? திரும்பி வந்தான்.

முனியன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். “ஆங், பாவா சொல்லச் சொன்னாரு. அஞ்சும் உன் பேர்லயே இருக்கட்டுமாம். மாசம் அஞ்சு ரூபா வருதில்ல?”