எமிலியானுஸ் முப்பது புத்தகம் வென்ற காதை

கண்களுக்குக் காவலான புனித லூசியாவே, துணை நில்! நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடியை மணிமுடியெனத் தரித்தவரும், முப்பத்தோராண்டு தபாற்கந்தோரில் பிறர் முகவரிகளையே வாசித்து முதிர்ந்தவரும், போர் ஓய்ந்தபின் மன்னார்க் கரையோரத்துச் சொந்தக் காணிக்கு மீண்டு தறப்பாள் கூடார மாளிகையில் வீற்றிருப்பவருமாகிய எமிலியானுஸ் என்னும் வாசகவேந்தர் வாழ்க!

ஒக்ரோபர் பிறந்தது, அது வாசிப்பு மாதம். கொழும்பிலிருந்து லொறியேறி வந்த நன்கொடை நூல்கள் முப்பதும் தகரக்கூரை வாசிகசாலையின் ஒற்றை அலுமாரியில் அணிவகுத்து நின்றன. ஊர் கூடிய அவையில் எமிலியானுஸ் எழுந்து கடலிரைச்சல் அடங்க முழங்கினார்: "இந்த மாசத்துக்குள்ள முப்பதையும் வாசிச்சு முடிப்பன். கடைசி நாள் கூட்டத்தில அதைப்பற்றிப் பேசுவன்."

வாசிப்புப் போர் மூண்டது. கோழிவளர்ப்பு நூலைக் காலைத் தேநீர் ஆறுமுன் வீழ்த்தினார். எண்ணூறு பக்க வருமானவரிச் சட்டம் மதயானையென மோதிவர, வருமானமென்று ஒன்றில்லாத அவ்வீரர் நான்கு நாள் மல்லுக்கட்டி அதன் பின்னட்டையை எட்டினார். உப்புக்காற்றும் பனையும் மட்டுமே அறிந்த மணலில் அமர்ந்து அப்பிள் சாகுபடியின் மறைபொருளனைத்தும் கற்றார். கர்ப்பிணித் தாய்மாருக்கான கைந்நூலையும் அறுபத்துமூன்று வயதில் அஞ்சாது எதிர்கொண்டார்.

இல்ல அலங்கார நூலில்தான் முதற்புண் பட்டது. படுக்கையறை யன்னலுக்கு நீலத் திரைச்சீலையே உகந்ததென்று அவர் உரக்க வாசிக்க, அடுப்பூதிக்கொண்டிருந்த மனைவி யசிந்தா, "முதல்ல யன்னல் வரட்டும்" என்றாள். அன்று அவர் மேலே வாசிக்கவில்லை. காற்றில் படபடத்த தறப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தொன்பது நூல்கள் வீழ்ந்தன. முப்பதாவதான துப்பறியும் கதையோ தையல் ரீச்சர் அன்ரோனெற்றின் கோட்டைக்குள் சிறைப்பட்டுக் கிடந்தது. பின்னேரந்தோறும் அவள் வேலியை முற்றுகையிட்டார்.

"இன்னும் முடியேல்லை அண்ணை. எனக்கும் வாசிப்பு மாசம்தானே."

இறுதிநாட் காலையில் கோட்டை திறந்தது. பசித்த வேங்கையெனப் பாய்ந்து மூன்று மணிநேரத்தில் கதையை விழுங்கியவர், கொலையாளியின் பெயர் வெளிப்படும் தறுவாயில் தாள் கிழிந்திருக்கக் கண்டு திகைத்தார், வேலிக்கு விரைந்தார்.

"ரீச்சர், கடைசித் தாள் எங்க?"

"கொழும்பில இருந்து வரேக்கையே இல்லை. கொலைகாரன் ஆரெண்டு பிடிக்கலாமெண்டுதான் மூண்டு தரம் வாசிச்சனான்."

பிற்பகற் கூட்டத்தில், குளிரூட்டிய வாகனத்தில் வந்திறங்கிய அதிகாரி, ஒரு மாத வாசிப்பின் பயனை உரைக்குமாறு வேந்தரைப் பணித்தார். வாகைசூடிய தோள்கள் நிமிர எமிலியானுஸ் எழுந்தார். ஆயத்தம் செய்திருந்த பேருரைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"முப்பதும் வாசிச்சிட்டன் ஐயா. எங்களுக்கு வீடு கட்டித் தாற வீட்டுத்திட்டப் பெயர்ப் பட்டியலைத்தான் இன்னும் வாசிக்கக் கிடைக்கேல்லை. அதைத் தருவீங்களோ?"

"அது வேற கந்தோர்" என்றார் அதிகாரி.

அவை கைதட்டியது, தட்டியவர்களிலும் பலர் தறப்பாள்வாசிகளே.

பிறகு எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீயும் மாரி பிஸ்கற்றும் கொடுத்தார்கள்.