வெர்னெல்லின் பெட்டி நடையில் நிற்கிறது

கிளீவ்லாந்து,
ஜனவரி 1945

மதிப்பிற்குரிய ஹெஸ்டர் அக்காவுக்குத் தம்பி ஆம்ப்ரோஸ் வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நலம். சிகாகோ குளிரில் தங்கள் மூட்டுவலி தேவலையா?

கறுப்பு நர்சுகளையும் ராணுவத்தில் சேர்க்கச் சொல்லித் தாங்கள் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குவது நல்ல காரியம்தான். ஆனால் தங்கள் கூட்டத்துக்கு வந்துபோன நாளிலிருந்து நர்ஸ் படித்த என் மகள் வெர்னெல் போர்முனையில்தான் குடியிருக்கிறாள். பெட்டி கட்டி நடையில் வைத்துவிட்டாள். தினமும் என் முழங்கால் அதில் இடிக்கிறது. இடித்தால் கட்டுப்போட ஓடி வருகிறாள். போன ஞாயிறு சர்ச்சில் பாட்டு உச்சத்துக்குப் போனதும் சபை ஊழியர் டீக்கன் பர்விஸ் வழக்கம்போல் பரவசத்தில் சாய்ந்தார். விசிறிவிட வேண்டிய வெர்னெல் அவர் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டிவிட்டாள். "எனக்குக் கால் உடையலம்மா, கர்த்தர் தொட்டார், அவ்வளவுதான்!" என்று அவர் அலறுகிறார். "யார் தொட்டாலும் சரி, அசையாம படுங்க" என்கிறாள் இவள்.

நர்ஸ் போதவில்லை, பெண்களைக் கட்டாயமாகச் சேர்க்க வேண்டியதுதான் என்று ரேடியோவில் சொன்ன அன்றே, கறுப்பு நர்சுகளுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது என்று ராணுவத்திலிருந்து இவளுக்கு மறுபடியும் பதில் வந்தது. "வேணும்னு கத்துறாங்க, போய் நின்னா வேணாங்கிறாங்க. இது என்னப்பா நியாயம்?" என்றாள்.

என் மகன் வில்லிஸ் இத்தாலியில் அடிபட்டுப் படுத்திருக்கிறான். நல்லாத்தான் பாத்துக்கிறாங்க, ஆனா நம்ம வீட்டுக் குரல் ஒண்ணு பக்கத்துல கேட்டாப் போதும்ப்பா என்று எழுதியிருக்கிறான். அவன் குரலுக்கு நானும்தான் ஏங்குகிறேன். பையனைக் கொடுத்தாயிற்று அக்கா. பெண்ணும் போய்விட்டால் சாப்பாட்டு மேசையில் நான் யாரோடு சண்டை போடுவேன்? அதனால் நீ தயவுசெய்து கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிரு. நீ அடங்கினால் இவளும் அடங்குவாள்.

அத்தானுக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் இருவரையும், முக்கியமாக உன் நாக்கையும், காக்கட்டும்.

இப்படிக்கு,
ஆம்ப்ரோஸ் டில்லார்ட்

பி.கு.: இதை ஒட்டப் பசை எடுக்கப் போனேன். நடையில் முழங்கால் இடிக்கவில்லை. வெர்னெல் பெட்டியைப் பிரித்துக் கொட்டிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "போதும்ப்பா, விட்டுட்டேன்" என்றாள். நான் கேட்டது இது இல்லை அக்கா. துணியை எல்லாம் நானே மடித்துத் திரும்ப வைத்தேன். வில்லிசுக்குப் பிடித்த பீச் பழ ஜாமும் ஒரு பாட்டில் நடுவில் வைத்தேன். நீ வாயை மூடாதே. கையெழுத்துத் தாள் ஒரு கட்டு இங்கேயும் அனுப்பு. முதலில் நான் போடுகிறேன், அடுத்து பர்விசைப் பிடிக்கிறேன், கால்கட்டோடு அவரால் ஓடமுடியாது. பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். இடித்தால் இடிக்கட்டும்.