ஏ, டி என்ற இரண்டெழுத்தும் உங்கள் அத்தையின் ரொட்டியும்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

கைப்பேசி கையில் இருந்தும் தபால்காரரை நடக்க வைக்கிற உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீங்களும் என் மகள் பாப்பாவும் நலமா என்று மின்னஞ்சலில் கேட்கலாமென்றால், அது திறக்கவில்லை. ஃபோனில் கேட்கலாமென்றால், நான் சொல்லப் போவது உங்கள் அத்தை காதில் விழுந்துவிடும். அதனால்தான் இந்தக் காகிதம்.

எல்லாம் என் முழங்காலில் ஆரம்பித்தது. மூட்டுவலித் தைலம் என்ன விலை என்று ஒரே ஒரு தடவை தேடினேன். அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. செய்தி படித்தால் தைலம், பாட்டு கேட்டால் தைலம், அப்புறம் காது மெஷின், பல் செட், கடைசியில் முதியோர் இல்லம். அதுவும் என் கைப்பேசியோடு நின்றதா? கூடத்து டிவியில் வந்தது, உங்கள் அத்தை மாவு பிசைந்தபடி பார்க்கிற வீடியோவின் நடுவிலும் வந்தது. புல்வெளியில் ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறார். அத்தை மாவுக் கையோடு வந்து நின்று, "என்னங்க, என்னை எங்க சேர்க்கறதா இருக்கீங்க? அங்க ரொட்டி சுட ஓவன் இருக்கான்னு மட்டும் கேட்டுக்கங்க" என்றாள். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். சரி சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை. இனி ஒரு விளம்பரமும் இந்த வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது என்று முடிவு கட்டினேன்.

அதற்குத்தான் நீங்கள் அந்தச் சின்னப் பெட்டியை ரவுட்டர் பக்கத்தில் பொருத்திவிட்டுப் போனீர்கள். வீட்டில் எந்தக் கருவி எந்த முகவரியைத் தேடினாலும் முதலில் இந்தப் பெட்டியைத்தான் கேட்கும், விளம்பர முகவரி என்றால் பெட்டி கையை விரித்துவிடும் என்று விளக்கினீர்கள். "பட்டியல் அதுலயே இருக்கு மாமா, நீங்க எதையும் தொடாதீங்க" என்றும் சொன்னீர்கள். தொடாமல்தான் இருந்தேன். ஆனால் அந்தக் கிழவர் வேறு வழியாக எட்டிப் பார்த்தாரே! நான் குடிநீர் வாரியத்தில் காலமெல்லாம் வால்வு திருகியவன். கசிவு எங்கே என்று வீடு வீடாகத் தேடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, மெயினை மூடிவிட்டுத்தான் மறுபேச்சு. விளம்பரத்துக்கு ஆங்கிலத்தில் ஏ, டி என்று இரண்டே எழுத்து. முகவரியில் எந்த இடத்தில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தாலும் தடு என்று பெட்டிக்கு உத்தரவு போட்டேன்.

கிழவர் ஒழிந்தார், தைலம் ஒழிந்தது, நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். பிறகு ரேடியோ ஒழிந்தது. எழுத்துக்கூட்டிப் பாருங்கள், நடுவில் அந்த இரண்டும் உட்கார்ந்திருக்கின்றன. மின்னஞ்சல்காரன் முகவரியிலும் எங்கோ ஒளிந்திருந்திருக்கின்றன. போனால் போகிறது என்று இருந்தேன். ஆனால் மாப்பிள்ளை, 'பிரெட்' எப்படி முடிகிறது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் அத்தை ரொட்டி விற்கிற பக்கத்தின் முகவரியே அந்தச் சொல்தான். ஆர்டர் வந்தால் அவள் கைப்பேசியில் மணி அடிக்கும். மணி அடிக்கவே இல்லை. சமையலறையில் ஓவனைத் துடைத்து, மேலே துணியைப் போட்டு மூடினாள். "என் ரொட்டி எல்லாருக்கும் சலிச்சுப் போச்சுங்க. வித்துடலாம் இதை" என்றாள். காரணம் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்காக நான் பணிந்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள். பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கும், உத்தரவும் நிற்கும். மெயினை மூடியபடியே ஒரு வீட்டுக்கு மட்டும் தண்ணீர் விடுகிற மாதிரி, உங்கள் அத்தையின் பக்கத்துக்கு மட்டும் எப்படி வழி விடுவது என்று உடனே எழுதுங்கள். பாப்பாவிடம் மூச்சு விடாதீர்கள். அவளிடம் சொன்னால் அடுத்த நிமிடம் அவள் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் இருவரும் சண்டையில்லாமல், வலியில்லாத முழங்கால்களோடு நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை வாங்கத் தெருவுக்குப் போனபோது முடிதிருத்தும் கடைக்காரர் கூப்பிட்டு, "சார், நீங்க விளம்பரத்துல வர்றீங்களே!" என்று தன் கைப்பேசியைக் காட்டினார். நான்தான். அடுக்களை மேஜையில் வாய் நிறைய ரொட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். கீழே, "கல்யாணமான நாளிலிருந்து குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறார். இன்னும் நிறுத்தவில்லை" என்று எழுதியிருக்கிறது. ஆர்டர் இல்லையே என்று கடைசி முயற்சியாக அத்தை பாப்பாவிடம் கேட்டு, நீங்கள் செய்து கொடுத்ததாம். ஊரே பார்த்திருக்கிறது, எங்கள் வீட்டைத் தவிர. நேரே வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிடுங்கிவிட்டு அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திட்ட வாயெடுப்பதற்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. தேங்கிக் கிடந்த ஆர்டர் எல்லாம் வந்து கொட்டுகிறது. இப்போது மாவு பிசைகிறாள். "அந்த விளம்பரம் வந்தா கூப்பிடுங்க, நானும் பார்க்கணும்" என்று சொல்லியிருக்கிறாள். நானும் டிவி முன்னால் உட்கார்ந்தே இருக்கிறேன். தைலம் வந்துவிட்டது, பல் செட் வந்துவிட்டது, கிழவரும் வந்து சிரித்துவிட்டுப் போனார். நான் மட்டும் வரவில்லை. மாப்பிள்ளை, மேலே கேட்டதை மறந்துவிடுங்கள். என்னை வரவழைக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.