பாதித் தாடிக்கு வரி

தேவப்பிரியத்தின் வலது கன்னம் பளபளவென்று ஆகிவிட்டது. கத்தியைத் துடைத்துக்கொண்டு இடது பக்கம் வந்த வரதன், போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னான்.

"மூணணா ஆவும் நைனா. முன்னாடியே சொல்லிக்கிறேன்."

"பாதி மூஞ்சி முடிஞ்சப்புறம் சொல்றதுக்குப் பேரு முன்னாடியா? ரெண்டணாதானே?"

"அது போன மாசம். சேல்ஸ் டாக்ஸ் ஏத்திட்டாங்கோ. பேப்பரு பாக்கலியா?"

தேவப்பிரியம் துறைமுகத்தில் குமாஸ்தா. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது அவன் வேலை. ஒரு மூட்டை குறைந்தாலும் கப்பலையே நகரவிடாமல் நிறுத்தப் பார்க்கிற ஆசாமி. அவனிடம் போயா ஓரணா கூடக் கேட்பது?

"டாக்ஸு விக்கிற சரக்குக்குத்தான்யா. நீ இன்னாத்த விக்கிறே? என் தாடிய என்கிட்டயே விக்கிறியா?"

"சோப்பு ஏறிப்போச்சு, படிகாரம் ஏறிப்போச்சு. மூலைக்கடையில கேட்டா வரின்றாரு. நான் மட்டும் இன்னா, தர்மத்துக்கா செரைக்கிறேன்?"

"ரெண்டணாதான். அதுக்கு மேல காலணா கெடையாது."

"அப்ப எய்ந்திரு."

எழுந்துவிட்டான். பழைய விலைப்படி பாதி முகத்துக்கு ஓரணாவை எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான். நியாயம் ஜெயித்துவிட்டது. நான்கு மணிக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும் என்பது ராயபுரம் வெயில் இடது கன்னத்தில் சுள்ளென்று பட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. 

வயது முப்பத்து நாலு. காலையில் சவரம் செய்தால் மத்தியானமே கறுத்துவிடுகிற தாடி. இதுவரை ஏழு பெண் வீடுகளில் "மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதனால்தான் இந்தத் தடவை திருவொற்றியூரிலிருந்து தாடியோடேயே பஸ் ஏறி, பெண் வீட்டுக்குப் பக்கத்திலேயே சுடச்சுட மழித்துக்கொள்ளலாம் என்று வந்தான்.

பெண் பெயர் ஃப்ளோரா. பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா எசேக்கியேல் ஏதோ வியாபாரம் என்று தரகர் அருளப்பன் சொல்லியிருந்தார். தேவப்பிரியம் பேராசைக்காரன் அல்ல. டைனமோ விளக்கு வைத்த சீமை சைக்கிள் ஒன்று, அவ்வளவுதான் கேட்டிருந்தான். போன மாதமே 'ஆகட்டும்' என்று பதிலும் வந்துவிட்டது. "இது எட்டாவது. இதுவும் கெட்டா என் வூட்டுப் பக்கம் வராதே" என்று அருளப்பன் எச்சரித்திருந்தார்.

அடுத்த தெருவில் ரஷீதின் சலூன். கன்னத்தைப் பார்த்ததுமே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"வரதன் கைதானே இது? அவன் தொட்ட மூஞ்சிய நான் தொட்டா சங்கத்துல பேஜாரு பண்ணுவானுங்க. அவன்கிட்டயே போ தம்பி."

வரதனிடம் திரும்பிப் போவதைவிட ஆயுசு பூராவும் பிரம்மசாரியாக இருந்துவிடலாம். ஒரு பிளேடு வாங்கித் தானே இழுத்துக்கொள்வது என்று முடிவு செய்து மூலைக்கடைக்குப் போனான். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்த பெரியவர் பிளேடை எடுத்துப் போட்டார்.

"ஒண்ணரையணா."

"ஓரணாதானே?"

"வரி."

தேவப்பிரியத்துக்கு மண்டைக்குள் ஏதோ வெடித்தது.

"ஓரணா பிளேடுக்கு அரையணா வரியா? எந்த சர்க்காருய்யா அது? கொள்ளைக்காரன்யா நீ!"

"வாங்கினா வாங்கு. உன் மூஞ்சிக்குப் பாதி போதும்."

சத்தம் கேட்டுக் கூட்டம் கூடியது. மீன்கூடையோடு வந்த கெங்கம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, ஒரு பக்கம் மொழுக்குனு கீது, ஒரு பக்கம் காடா கீது?"

ஓரணாவுக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "எல்லாம் இந்த வரியாலதாம்மா" என்றான். பொய் இல்லை.

கெங்கம்மா கூடையை இறக்கி வைத்தாள். "கேட்டீங்களா! வரிய எறக்கற வரிக்கும் பாதித் தாடியோடவே இருப்பேன்னு சபதம் போட்டுக்கினு வந்துகீறாருய்யா!"

அப்புறம் அவனை யார் கேட்டார்கள்? நாலு பேர் அவனைத் தூக்கித் தார் பீப்பாய்மேல் நிறுத்தினார்கள். ஒருத்தன் சாமந்தி மாலை போட்டான். சுதந்திரம் வந்த அன்றைக்குக்கூடத் தேவப்பிரியத்துக்கு யாரும் மாலை போட்டதில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சர்க்கார் ஏத்தினது கொஞ்சம்! இவங்க ஏத்தினது எவ்ளோ? நம்மகிட்ட வரின்னு சொல்லிப் புடுங்கற காசு எங்கே போவுது? எவன் அனுபவிக்கிறான்? அவன் உருப்படுவானா?"

"உருப்பட மாட்டான்!" என்றது கூட்டம்.

பெரியவர் பலகைக் கதவுகளை மாட்டிக் கடையை மூடினார். ஆவேசம் வந்த பத்துப் பன்னிரண்டு பேர் தாங்களும் பாதித் தாடி வைக்க வரதனிடம் ஓடினார்கள். பாதிக்கும் அதே மூணணாதான் வாங்கினான். "பாதிதான் கஷ்டம். நடுவுல கோடு நேரா வரணுமே" என்றானாம்.

தேவப்பிரியம் இன்னும் பேசியிருப்பான். தரகர் அருளப்பன் வந்து அவன் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"மணி நாலுடா பாவி! இன்னா கோலம் இது?"

மாலையைக் கழற்றி எறிந்தார். தோளில் கிடந்த துண்டால் அவன் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். "பல்வலின்னு சொல்லு. தலைய மட்டும் ஆட்டு." பின்பக்கச் சந்து வழியாக இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தேவப்பிரியத்துக்குப் பாதி உயிர் திரும்பியது. கூடத்தில் பழுப்புக் காகிதம் சுற்றிய புத்தம்புது சைக்கிள் நின்றது. டைனமோ மட்டும் வெளியே தெரிந்தது. எட்டாவது கைகூடிவிடும் போலிருக்கிறதே!

உள்ளேயிருந்து எசேக்கியேல் வந்தார். கண்ணாடி நெற்றிக்கு மேல் இருந்தது.

கூடத்தின் மறுபக்கக் கதவு வழியாக மூலைக்கடையின் சோப்புப் பெட்டிகள் தெரிந்தன. தேவப்பிரியம் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"மாப்பிள்ளைக்குப் பல்வலியா? கிராம்புத் தைலம் கடையிலயே இருக்கு. காட்டுங்க" என்று அவர் பாசத்தோடு முடிச்சை அவிழ்த்தார். பாதித் தாடி வெளியே வந்தது.

"நீயா!"

"நீங்களா!"

அருளப்பன் வாசலைப் பார்த்து இரண்டடி நகர்ந்து நின்றார்.

"என் கடை வாசல்லயே நின்னு என்னைக் கொள்ளைக்காரன்னவன் நீ! உனக்கா என் பொண்ணைக் குடுப்பேன்?"

 எட்டாவதும் போயிற்று. போகிறதுதான் போகிறது, கணக்கை விட்டுவிட்டுப் போகத் தேவப்பிரியத்துக்கு மனம் வரவில்லை.

"நான் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் காசு எங்கே போவுதுன்னு நீங்க இன்னும் சொல்லலியே?"

எசேக்கியேல் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.  காப்பித் தட்டோடு வந்து நின்ற ஃப்ளோரா தட்டைக் கீழே வைத்தாள். நேராகச் சைக்கிளிடம் போனாள். காகிதத்தைக் கிழித்து மணியை இரண்டு தடவை அடித்தாள்.

"சர்க்கார் ஏத்தினது ரூபாய்க்குக் காலணாதாங்க. மிச்சமெல்லாம் நீங்க ஏறிப் போறதுக்காக எங்கப்பா ஏத்தினது."