எல்லாம் இந்த சோப்பு பண்ற வேலை

சோப்பின்மேல் பழிபோடுவோர் என்று ஓர் இனம் உண்டு. சர்க்கரை நோய் வந்த எல்லாரையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். சர்க்கரை வந்ததை ஒப்புக்கொண்டு, அது செய்யும் வேலைகளை மட்டும் ஒப்புக்கொள்ளாதவர்களே இந்த இனம். "எனக்கு லேசாத்தான் சுகர்" என்பார்கள், ஏதோ லேசாக மழை தூறுவதைப் போல.

எங்கள் கிடங்கு மேலாளரைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு, நகம் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்தால் அது சோப்பு. கால்விரல் இடுக்கு வெளுத்து ஊறி அரித்தால், அது அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, சாக்ஸைச் சரியாக அலசாதது. கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்துப் போனதா? வெயில். அவர் வெயிலில் நின்றதே இல்லை என்று நாம் சொல்லக்கூடாது. மேசையில் இருக்கும் இரும்பு அளவுகோலால் அவர் எதையும் அளந்து நான் பார்த்ததில்லை, அது முதுகு சொறிய. பேனா மூடி கணுக்காலுக்கு. மேசை இழுப்பறையில் யாரோ யாருக்கோ வாங்கி மீந்த களிம்புகள் வால் சுருட்டிக் கிடக்கும். ஒன்றை எடுத்துத் தடவிக்கொண்டே, "சோப்ப மாத்திட்டேன்யா, இனிமே சரியாயிடும்" என்பார். வீட்டில் அக்கா வாங்கி அலுத்துப்போன சோப்புகளை வைத்துத் தனியாகக் கடையே போடலாம்.

ஆனால் சரக்கு விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியுமா? அட்டைப்பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால், ஓரத்தில் ஈரக்கறை தெரிந்தால், லாரியிலிருந்து இறக்கவே விடமாட்டார். "மேல கீறல் இருந்தா உள்ள சரக்கு கெட்டிருக்கும். பிரிச்சுப் பாக்காம வாங்காதே!" இதுதான் அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த வேதம்.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவர் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. தையல்காரரைத் திட்டி, அக்காவைத் திட்டி, கட்டிலை நகர்த்தித் தேடி, கடைசியில் ஊக்கு குத்திக்கொண்டு வந்துவிட்டார். அன்று முழுக்க சிமெண்டுத் தரையில் நடந்தார், ஏணியில் ஏறி இறங்கினார், பொத்தான் கதையை ஒருவர் விடாமல் சொன்னார். மாலையில் நான்தான் வண்டியில் கொண்டுபோய் வீட்டில் விட்டேன். வாசலில் அவர் கழற்றிப்போட்ட ஷூவை மகள் ஓரமாக வைக்க எடுத்தாள். உள்ளே ஏதோ உருண்டது. கவிழ்த்தாள்.

பொத்தான்.

நம்மவருக்கு என்ன சந்தோஷம்! "பாத்தியாடி, கெடைச்சிடுச்சு! காலைலேர்ந்து என்கூடவேதான் இருந்திருக்கு!"

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, சாக்ஸைக் கழட்டுங்க."

உள்ளங்காலில் பொத்தான் அச்சாகப் பதிந்திருந்தது. நாலு துளையும் எண்ணிவிடலாம். பக்கத்தில் ரத்தம் கட்டிய கொப்புளம். ஓரம் கிழிந்து சாக்ஸில் ஒட்டியிருந்தது.

"வலிக்கலையாப்பா?"

"என்ன வலிக்கணும்?"

அவருக்கே அப்போதுதான் உறைத்தது. ஒரு நாள் முழுக்கக் குத்திய பொத்தான் அவர் காலுக்குத் தெரியவே இல்லை. ஆனாலும் இனத்தின் குணம் விடுமா? "இந்த ஷூ இருக்கே, இது..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்பா. கிடங்குக்கு இப்படி ஒரு பெட்டி வந்தா என்ன பண்ணுவீங்க?"

யோசிக்காமல் சொன்னார்: "திருப்பி அனுப்பிடுவேன்."

"இதை எங்க திருப்பி அனுப்புறது? உங்க அம்மா வீட்டுக்கா? நாப்பது வயசுச் சரக்கையெல்லாம் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. எந்திரிங்க, டாக்டர்கிட்ட போலாம்" என்றார் அக்கா. குரல் கேலியாகத்தான் இருந்தது. செருப்பைத்தான் கால் மாற்றி மாட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா காலைப் பார்த்தார், விரல் இடுக்கைப் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் ஒரே ஆள் பண்ணின வேலை, உங்க சுகர். இன்னும் ரெண்டு நாள் மூடி வெச்சிருந்தா இந்தப் புண் எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. கால் உங்களுக்குச் சொல்லாது சார், நீங்கதான் தினமும் பாக்கணும்." கட்டுப்போட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, குளித்ததும் விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்கச் சொல்லி எல்லாம் முடித்தபின், நம்மவர் பணிவாகக் கேட்டார்:

"டாக்டர், எந்த சோப்பு நல்லது?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

புண் ஆறிவிட்டது. இப்போது தினமும் காலையில் அவர் ஷூவைக் கவிழ்த்துத் தட்டுகிறார். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, லாரியிலிருந்து இறங்கிய சரக்கைப் பார்ப்பதுபோல உள்ளங்காலைப் பார்க்கிறார். இனத்தில் ஒருவர் குறைந்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கை ஏன் முழங்காலுக்குக் கீழேயே போய்க்கொண்டிருக்கிறது? என்ன, சோப்பை மாற்றியும் அரிப்பு நிற்கவில்லையா?